கொழும்புக்காரனின் பைல்

அரியாலையில் சிவகரனின் கராச்சுக்கு வேகக் கார்கள் வரத் தொடங்கியது, அவன் உதயகலாவைக் கல்யாணம் கட்டிய அடுத்த வருடத்தில்தான். அதற்கு முன்பு அங்கே வந்தவை லொறிகளும் ஓட்டோக்களும் கியர் இறுகிப்போன பழைய வான்களும். இந்த இரண்டையும் ஊரில் யாரும் சேர்த்து யோசித்ததாகத் தெரியவில்லை. நானும் அப்போது யோசிக்கவில்லை.

நானும் உதயகலாவும் பண்டத்தரிப்பில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் இப்போது நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். ஆனால் எங்கள் வகுப்பில் கணிதத்தில் முதலாவதாக வந்தவள் அவள், நான் இல்லை. உயர்தரத்தில் இசட் புள்ளி கொஞ்சம் குறைந்துபோனதால் பொறியியல் பீடம் கிடைக்காமல் கொழும்புக்குப் போய் டிப்ளோமா படித்தாள். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு வேர்க்‌ஷொப்பில் வேலை கிடைத்தது. காரை உருளைகளின் மேல் ஏற்றிச் சில்லுகளைச் சுழலவிட்டு எஞ்சினின் வலுவை அளக்கிற மெசின் ஒன்று அங்கே இருந்தது. காரை ஓட்டுவதற்கும் கழற்றுவதற்கும் ஆண்கள் நிறையப்பேர் இருந்தார்கள். மெசின் கொட்டுகிற எண்களைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க இருக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. அந்தக் கதிரை அவளுக்குக் கிடைத்தது அப்படித்தான். ஒரு வருடத்துக்குள், அவளைக் கேட்காமல் முதலாளி ஒரு காரையும் வெளியே விடுவதில்லை என்ற நிலை வந்தது.

நான்கு வருடம் கழித்து வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தது. தகப்பன் ஆழ்வாப்பிள்ளை வெங்காயத் தோட்டக்காரர். "பெடியன் வாகன வேலை. நீயும் உந்த வேலைதான். ஆளுக்காள் கதைக்க ஒரு விசயமாவது இருக்கும்" என்றார். அவர் சொன்னது பிழையில்லை. சிவகரன் கெட்டவனும் இல்லை. கையில் நல்ல வேலை இருந்தது. கியர்பெட்டியின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பல்லு தேய்ந்திருக்கிறது என்று சொல்வான். முதன்முதலாக அவள் ஒரு காரின் கணினியில் கேபிளைச் செருகி, லப்டொப்பில் அதன் உள்வயிறு முழுவதையும் எண்களாகக் காட்டியபோது அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணித்தியாலம் கேள்வி கேட்டானாம். "இதெல்லாம் எங்கையப்பா படிச்சனீர்?" என்றானாம். அந்த நாளை அவள் எனக்கு இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள்.

வேலை இப்படித்தான் நடந்தது. யாழ்ப்பாணத்தில் உருளை மெசின் இல்லை. காலை ஆறு மணிக்குச் செம்மணிப் பக்கம் நேர்வீதியில் சிவகரன் காரை ஓட்டுவான். அவள் இடப்பக்கச் சீற்றில் லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். காற்று எவ்வளவு அமுக்கத்தில் போகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது, எஞ்சின் எங்கே தட்டுகிறது என்பதையெல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, காரின் கணினிக்கு உத்தரவு சொல்கிற எண்கள் அடங்கிய பைலைத் திருத்துவாள். மறுநாள் மறுபடியும் ஒரு ஓட்டம். தோட்டத்துக்குப் போகிறவர்கள் கண்டால், மனிசியை எங்கேயோ வேலைக்கு இறக்கிவிடப் போகிறான் என்று நினைப்பார்கள். காரை ஒப்படைக்கும்போது கதைப்பது சிவகரன். "வாற பெடியள் உம்மோடை கதைக்க வெக்கப்படுறாங்கள்" என்று ஆரம்பத்தில் சொன்னான். அது உண்மையாகவும் இருந்தது. மகள் பிறந்த பிறகு அவள் கராச் பக்கம் வருவது இன்னும் குறைந்தது. கேபிள் அவனிடம், லப்டொப் அவளிடம் என்று வேலை பிரிந்தது.

வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. புதுக் கார் எடுக்க வழியில்லாததால், இருக்கிற காரின் வலுவைக் கூட்டி ஓடுவோம் என்ற எண்ணம் வசதியான வீட்டுப் பெடியன்களுக்கு வந்தது. பெற்றோல் வரிசைகள் முடிந்து வீதிகள் பழையபடி ஓடத் தொடங்கியதும் கராச்சின் முன்னால் மூன்று நான்கு கார்கள் எப்போதும் நிற்கும். அப்போதுதான் வீடியோ எடுக்கிற இரண்டு பேர் சிவகரனைத் தேடி வந்தார்கள். எந்த ரேர்போ காரின் வலுவை இலகுவாகக் கூட்டலாம் என்று மூன்று கார்களை ஒப்பிட்டு ஒரு வீடியோ போடவேண்டும் என்றார்கள்.

வீடியோ எடுப்பதற்கு முதல்நாள் பின்னேரம் அவன் அவளிடம் கேட்டான். "இஞ்சப்பா, வடிவா விளங்கப்படுத்தும். நாளைக்கு நான் உளறக்கூடாது."

அவள் மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டே சொன்னாள். "ரேர்போ இல்லாத எஞ்சின் தான் இழுக்கிற காத்தைத்தான் குடிக்கும். அதிலை என்ன செய்தாலும் பத்துக் குதிரைவலு கூடுறது பெரிய பாடு. ரேர்போ காத்தை அமத்தி ஊட்டுது. எவ்வளவு அமத்த வேணும் எண்டு கொம்பியூட்டர்தான் சொல்லுது. கொம்பியூட்டருக்கு நாங்கள் வேறை கதை சொன்னா எஞ்சின் வேறை மாதிரி ஓடும். அவ்வளவுதான்."

"சரி, ஜேர்மன் ரெண்டு லீற்றர்?"

"அது லேசு. செய்தவன் கனக்க இடம் விட்டு வைச்சிருக்கிறான். பைலை மட்டும் மாத்தினாலே இருநூற்றி இருபது இருநூற்றி எழுபதாகும். கார் களைக்காது."

"பழைய ஜப்பான் ரெண்டு லீற்றர்? றேஸ் ஓடுறது?"

"அதின்ரை உடம்பு இரும்பு. தாங்கும். ஆனா லப்டொப்பாலை மட்டும் ஏலாது. பெற்றோல் பம்ப் பத்தாது, இன்ஜெக்டர் பத்தாது, காத்தைக் குளிராக்கிற சாமானும் பத்தாது. எல்லாத்தையும் மாத்திப்போட்டுத்தான் பைல். மாத்தினியள் எண்டால் மற்றதுகளை விட்டிட்டு எங்கையோ போயிடும்."

"சின்னது? இப்ப எல்லாரும் வைச்சிருக்கிற ஒண்டரை லீற்றர்?"

"அதுதான் ஆளை ஏமாத்திறது." அவள் கையைக் கழுவிவிட்டு வந்து அவனுக்கு முன்னால் இருந்தாள். "பைல் போட எல்லாத்திலும் லேசு அதுதான். இருபது நிமிசம். நூற்றி எழுபது இருநூறாகும். இன்னும் ரெண்டு எண்ணை மாத்தினா இருநூற்றி முப்பதும் ஆகும். ஆனா உள்ளுக்கை பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற தண்டு மெல்லிசு. எஞ்சின் குறைஞ்ச சுத்திலை இருக்கேக்கை அமுக்கத்தைக் கூட்டிப்போட்டு ஒருத்தன் முழுசா மிதிச்சா அந்தத் தண்டு வளையும், இல்லாட்டி முறியும். எங்கடை வெக்கைக்கும் இஞ்சை வாற பெற்றோலுக்கும் அது இருநூறோடை நிக்க வேணும். லேசா ஏறுறது வேறை, தாங்குறது வேறை. அதை மறக்காமல் சொல்லுங்கோ."

அவன் எல்லாவற்றையும் மறக்காமல் சொன்னான். அவள் சொன்ன சொற்களிலேயே சொன்னான். ஆனால் வீடியோ வெளிவந்தபோது கடைசிப் பகுதி அதில் இல்லை. எல்லாவற்றிலும் லேசு ஒன்றரை லீற்றர், இருபது நிமிட வேலை, இருநூற்றி முப்பது குதிரை என்பதோடு முடிந்துவிட்டது.

"தாங்காது எண்ட கதை எங்கை?" என்று கேட்டாள்.

"அவங்கள் வெட்டிப்போட்டாங்கள். பயமுறுத்தினாச் சனம் பாக்காதாம்."

"உங்களைக் கேட்டுத்தானே வெட்டினவங்கள்?"

"ஓமப்பா. இப்ப என்ன? ஆர் உதைப் பாத்து எஞ்சின் உடைக்கப்போறான்?"

மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும், சிவகரன் அண்ணையைப்போல ஒரு ஆள் எங்கள் ஊரில் இருக்கிறார் என்று எழுதினார்கள். நானும் பார்த்தேன். நடுவில் ஒரு இடத்தில் மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகளை வைக்கிற ஒரு கை தெரியும். அது உதயகலாவின் கை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், வாழ்த்தைச் சிவகரனுக்குத்தான் அனுப்பினேன்.

அடுத்த வருடம் நல்லூர்த் திருவிழா தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது ஜெயரூபன் வந்தான். நல்லூரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் பஞ்சலிங்கத்தின் மகன், இருபத்துநாலு வயது. வெள்ளை நிறத்தில் ஒன்றரை லீற்றர் ரேர்போ கார். கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வரப்போகும் மச்சான்காரன் கொழும்பில் ஒரு ஜேர்மன் ரெண்டு லீற்றரை ஆறு கிழமைக்கு எடுத்திருக்கிறானாம். அவனுக்கு முன்னால் போகவேண்டும். வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னான்.

உதயகலா மூன்று காலைகள் அந்தக் காரில் போனாள். இருநூறில் நிறுத்தினாள். எண்கள் சுத்தமாக இருந்தன. பைலை முடித்ததும், கொழும்பிலிருந்த காலத்துப் பழக்கப்படி, அதன் ஒரு பிரதியைத் தன்னுடைய மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்தாள். "இதுக்கு மேலை கேட்டா இல்லையெண்டு சொல்லுங்கோ" என்று சிவகரனிடம் சொன்னாள்.

மச்சான்காரன் வந்திறங்கினான். வந்த மூன்றாம் நாளே நேர்வீதியில் ஜெயரூபனைப் பின்னால் விட்டுவிட்டுப் போனான். ஜெயரூபன் திரும்பக் கராச்சுக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. அன்று உதயகலா தகப்பனின் கண் ஒப்பரேசனுக்காக ஆஸ்பத்திரியில் நின்றாள். சிவகரன் அவளுக்குப் போன் எடுத்தான்.

"ஒரு சொட்டுக் கூட்டலாமோ?"

"ஏலாது. அண்டைக்கே சொன்னனான். அந்தத் தண்டு தாங்காது."

"கனக்க இல்லையப்பா, ஒரு பதினைஞ்சு இருபது."

"இஞ்சை டொக்டர் கூப்பிடுறார். நான் வந்து கதைக்கிறன். அதைத் தொடாதேங்கோ."

"சரி சரி" என்றான்.

அவள் சொன்னபடி அவன் அதைத் தொடாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஜெயரூபன் பக்கத்தில் நின்றான். வீடியோவில் மூன்று லட்சம் பேருக்கு விளங்கப்படுத்திய ஆளுக்கு, மனிசி வரட்டும் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. லப்டொப்பைத் திறந்து அவளுடைய பைலை எடுத்து, அவள் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்த ஞாபகத்தில் அமுக்கத்துக்குரிய எண்களை ஏற்றினான். கீழ்ச் சுற்றிலும் ஏற்றினான். எஞ்சின் தட்டினால் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் எல்லையையும் தளர்த்தினான். அதே பெயரில் சேமித்துக் காரில் ஏற்றினான். அவள் வந்து கேட்டபோது "அவன் சும்மா கேட்டவன், அனுப்பிப்போட்டன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயரூபன் மச்சானை முந்தினான். முந்தி அரை நிமிடம்கூட ஆகவில்லை. வேகத்தைக் குறைத்துவிட்டு அதே கியரில் மறுபடியும் முழுதாக மிதித்திருக்கிறான். தண்டு முறிந்து எஞ்சினின் பக்கச்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஒயில் வீதியெல்லாம் ஊற்றியது, அதில் பின்சில்லு வழுக்கிக் கார் சுழன்று வீதியோரத்து வெளிக்குள் இறங்கியது. வேறு வாகனம் அந்த நேரம் வரவில்லை. அவனுக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

திங்கட்கிழமை பத்து மணிபோல பஞ்சலிங்கம் மகனையும் மச்சான்காரனையும் கூட்டிக்கொண்டு கராச்சுக்கு வந்தார். உதயகலா வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டு வந்தாள். பஞ்சலிங்கம் கத்தவில்லை. "தம்பி, நல்ல கார் ஒண்டைத் தந்தம். என்ன செய்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

சிவகரன் கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்தான். கன நேரம் துடைத்தான். பிறகு சொன்னான்: "அண்ணை, உங்களுக்கு நான் பொய் சொல்லக்கூடாது. பைல் எழுதுறது நானில்லை. இவதான் எழுதுறவ. உதயகலா. எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது. நான் கேபிளைக் குத்துறது மட்டும்தான்."

ஏழு வருடமாக அந்தக் கராச்சில் வேலை செய்கிறாள். வந்தவர்கள் ஒருவருக்கும் அவன் அவளுடைய பெயரைச் சொன்னதில்லை. "பொய்யைச் சொன்னதாவது பரவாயில்லை" என்று பிறகு என்னிடம் சொன்னாள். "அதிலை பாதி உண்மை. அந்த உண்மையை இவ்வளவு நாளும் சொல்லாமல் வைச்சிருந்து, அண்டைக்குப் பாத்து எடுத்தவர்."

அவள் உள்ளே போய் லப்டொப்பையும் போனையும் கொண்டுவந்தாள். வேலை மேசையில் சாவிகளை ஒதுக்கிவிட்டு வைத்தாள். தன்னுடைய மின்னஞ்சலில் இருந்த பைலையும் காரில் கடைசியாக ஏற்றிய பைலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினாள். மாறியிருந்த எண்கள் சிவப்பில் நின்றன. ஏற்றிய நாளையும் நேரத்தையும், பைலைக் காரில் ஏற்றுகிற கருவியே பதிந்து வைத்திருந்தது. வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது.

"வியாழக்கிழமை நான் அப்பாவோடை ஆஸ்பத்திரியிலை நிண்டனான்" என்றாள். பிறகு ஜெயரூபனைப் பார்த்தாள். "தம்பி, நீர் இஞ்சை நிண்டனீர்தானே. ஆர் ஏத்தினது?"

ஜெயரூபன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான்.

"உண்மையோடா?" என்றார் பஞ்சலிங்கம்.

"எனக்கு வடிவா ஞாபகமில்லை அப்பா. நான் போன் பாத்துக்கொண்டு நிண்டனான்."

சிவகரன் ஒரு நட்டைக் கையில் எடுத்து அது எந்தக் காரினுடையது என்று யோசிப்பவன்போல நின்றான். பஞ்சலிங்கம் மூன்று பேரையும் வெளியே போய் நிற்கச் சொன்னார். அவர்கள் போன பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, நீ சொல்லுறது சரியாத்தான் இருக்கும். என்ரை மோன் எப்ப பொய் சொல்லுவான் எண்டு எனக்குத் தெரியும். ஆனா நாலு பேருக்கு முன்னாலை புருசனைக் கள்ளனாக்கிற பொம்பிளையிட்டை ஆர் வாகனம் விடுவினம், சொல்லு பாப்பம். நீ உதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்."

"உடைச்சது அவர். சொல்லாமல் விட வேண்டியது நானோ?"

அவர் அவளைப் பார்த்துக் கவலைப்படுபவர்போலத் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். வெளியே சிவகரனோடு ஐந்து நிமிடம் கதைத்தார். எஞ்சினைத் தான் வாங்கித் தருவதாகவும் அவன் கூலி இல்லாமல் பூட்டித் தருவதாகவும் முடிந்தது. போகும்போது அவன் தோளில் கைபோட்டுக் கதைத்துக்கொண்டு போனதை அவள் ஜன்னலுக்குள்ளால் பார்த்தாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சிவகரன் சொன்னான். "நீர் ஒருக்கா ஓம் எண்டு தலையாட்டியிருந்தா அதோடை முடிஞ்சிருக்கும். உம்மை ஆரும் அடிக்கப்போறேல்லை. உம்மடை பேரிலை கராச் இல்லை. என்ரை பேர் கெட்டா மூண்டு பேரும் பட்டினி."

அவன் சொன்ன கணக்கில் பிழை இல்லை என்பதுதான் அவளை வதைத்தது.

திருவிழா முடிவதற்குள் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது. சிவகரனின் மனிசி கொம்பியூட்டரில் விளையாடப்போய் பஞ்சலிங்கத்தாரின் காரை உடைத்துவிட்டாளாம், போதாததற்கு புருசன்மேல் பழியைப் போட்டாளாம். என்னுடைய ரியூசன் நிலையத்தில்கூட ஒரு ஆசிரியர் இதைச் சொல்லிச் சிரித்தார். அவள் என்னுடைய சிநேகிதி, வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி என்று நான் சொன்னேன். அவர் "அது பள்ளிக்கூடம், இது எஞ்சின்" என்றார். மணி அடித்ததால் நான் வகுப்புக்குப் போய்விட்டேன்.

கராச்சுக்கு வந்த பெடியன்கள் சாவியைக் கொடுக்க முன்பு "அண்ணை, அக்கா கை வைக்கேல்லைத்தானே?" என்று கேட்கத் தொடங்கினார்கள். சிவகரன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். "இல்லை இல்லை. இப்ப கொழும்பிலை ஒரு ஆள் இருக்கிறார், அவரிட்டைத்தான் பைல் எடுக்கிறன்" என்றான். அப்படி ஒரு ஆள் இல்லை. காலை ஓட்டத்தில் இப்போது அவன் தனியே போய், எண்களை லப்டொப்பில் பதிந்துகொண்டு வருவான். மகள் பள்ளிக்கூடம் போன பிறகு உதயகலா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பைலை எழுதுவாள். அது கொழும்பிலிருந்து வந்ததாகப் பின்னேரம் காரில் ஏறும்.

ஐந்து மாதம் அப்படிச் செய்தாள். ஏன் செய்தாய் என்று கேட்டேன். பிள்ளையின் பள்ளிக்கூடம், வீட்டுச் செலவு என்றெல்லாம் சொன்னாள். பிறகு, "எனக்கு அந்த வேலை விருப்பம். வேறை எங்கை போய் நான் ஒரு எஞ்சினைப் பாக்கிறது?" என்றாள்.

கொழும்பு முதலாளிக்கு ஒரு தரம் எழுதிப் பார்த்திருக்கிறாள். அவர் பொருளாதார நெருக்கடிக் காலத்திலேயே வேர்க்‌ஷொப்பைப் பூட்டிவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். நல்ல வார்த்தைகளோடு பதில் போட்டிருந்தார்.

மார்கழியில் ஒரு நாள், இருநூற்றி எழுபது குதிரைக்குக் கூட்டிய ஜேர்மன் கார் ஒன்றின் சொந்தக்காரர் கராச்சில் நின்று கதைப்பது அறைக்குள் கேட்டது. சுன்னாகத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர், வயதானவர், விசயம் தெரிந்தவர். "சிவகரன், உந்தக் கொழும்புக்காரன் சும்மா ஆளில்லை. பழைய பைலிலை மூண்டாம் கியரிலை ஒரு இழுவை இருந்தது. அதைக்கூடக் கண்டுபிடிச்சுத் திருத்தியிருக்கிறான். ஆளை ஒருக்கா எனக்கு அறிமுகப்படுத்தும்" என்றார்.

"அவர் ஆக்களோடை பெரிசாக் கதைக்கமாட்டார் ஐயா" என்று சிவகரன் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு உண்மையான சிரிப்பு என்று உதயகலா சொன்னாள். ஒளிக்கிறவன் சிரிக்கிற சிரிப்பில்லை. அப்படி ஒரு ஆள் கொழும்பில் இருப்பதாக அவனே நம்பத் தொடங்கியிருந்தான்.

மருந்துக்கடைக்காரர் போன பிறகு அவள் கராச்சுக்குள் வந்தாள். "நாளையிலையிருந்து கொழும்புக்காரன் வேலை செய்யமாட்டான்" என்றாள்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?"

"அவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கோ, இல்லாட்டி என்னைக் காட்டுங்கோ. ரெண்டும் ஏலாட்டி நான் போறன்."

அவன் நட்டுக் கழற்றுகிற பானாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். கோபம்கூட அவனுக்கு வரவில்லை. "உம்மைக் காட்டினா ஆர் வருவினம்?" என்று கேட்டான். மெய்யாகவே அவளிடம் பதில் எதிர்பார்ப்பவன்போலக் கேட்டான்.

தைப்பொங்கலுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு பண்டத்தரிப்புக்குப் போனவள் திரும்பவில்லை. ஆழ்வாப்பிள்ளை முதல் மாதம் முழுக்க, "ஆம்பிளையள் அப்பிடி இப்பிடித்தான், நீ போய்ச் சேர்" என்றார். இரண்டாவது மாதம் சொல்வதை நிறுத்தினார். மகளை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். வேலை தேடி நான்கு கராச்சுகளுக்கு விண்ணப்பம் கொடுத்தாள். ஒன்றில் காசாளர் வேலை தரலாம் என்றார்கள். இன்னொன்றில் அவள் பெயரைப் பார்த்ததும் "நீங்கள்தானே அது" என்று கேட்டார்கள்.

இப்போது அவள் வாகனப் புகை பரிசோதிக்கிற ஒரு நிலையத்தில் வேலை செய்கிறாள். ஒரு பெடியன் குழாயைப் புகைபோக்கிக்குள் வைப்பான். இவள் கணினிக்கு முன்னால் இருந்து எண்களைப் பார்த்துச் சான்றிதழ் அச்சடித்துக் கொடுப்பாள். சரி அல்லது பிழை, இரண்டில் ஒன்று. எண்ணை மாற்ற இடமில்லை. கூட்டிய கார்கள் வந்தால் திரையைப் பார்த்தே தெரிந்துவிடுமாம். மோசமாகக் கூட்டியவை இப்போது கூடுதலாக வருகின்றன என்றாள். சிவகரன் இணையத்தில் யாரிடமோ பைல் வாங்கி ஏற்றுகிறான். இரண்டு எஞ்சின்கள் போய்விட்டன என்று கேள்விப்பட்டோம். ஆனால் அவனுடைய பெயர் கெடவில்லை. அவை கார்க்காரர்கள் கண்டபடி ஓடியதால் உடைந்தவையாம்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டில் இருந்தபோது சிவகரன் மோட்டார் சைக்கிளில் வந்தான். மெலிந்திருந்தான். மகளுக்கு ஒரு பிஸ்கட் பெட்டி கொண்டுவந்திருந்தான். அவளுடைய தாய் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். மழை பெய்யாததைப் பற்றிக் கன நேரம் கதைத்தான். உதயகலா கதிரையின் நுனியில் இருந்தாள். அவன் எதையோ சொல்ல வந்திருக்கிறான் என்று அவள் நினைத்தது எனக்குத் தெரிந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். எழும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

"உந்தப் பைல் ஏத்திற கருவியின்ரை கணக்கு உம்மடை பேரிலைதானே கிடக்கு" என்றான் கடைசியில். "புதுப் போனிலை திறக்க விடுதில்லை. பழைய பைலெல்லாம் அதுக்கைதான் கிடக்கு. கோட் ஒண்டு உமக்கு வருமாம்."

அறுபதுக்கு மேற்பட்ட பைல்கள் அதில் இருந்தன. எல்லாம் அவள் எழுதியவை.

அவன் தன்னுடைய போனில் எதையோ அழுத்தினான். அவளுடைய போன் ஒரு தரம் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். இரண்டாவது இலக்கத்தை அவன் பிழையாக அடித்துவிட்டான். மறுபடியும் வாசித்தாள்.

"வந்திட்டுது" என்றான். தேத்தண்ணியை முடித்து, மகளின் தலையைத் தடவிவிட்டுப் புறப்பட்டான்.

அவன் போன பிறகு நான் அவளை ஏசினேன். உன்னுடைய உழைப்பை ஏன் தூக்கிக் கொடுத்தாய் என்று கேட்டேன். அவள் பிஸ்கட் பெட்டியைத் திறந்து மகளிடம் இரண்டைக் கொடுத்துவிட்டு மூடினாள்.

"குடுக்காட்டி கண்ட கண்ட பைலை ஏத்துவார். ஆரோ ஒரு பெடியன்ரை கையோ காலோ முறியும்" என்றாள். "என்ரை பைல் எண்டால் கார் உடையாது."

அது அவளுடைய பைல் என்று அந்தப் பெடியனுக்கு யாரும் சொல்லப்போவதில்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அது எனக்கு முன்பே அவளுக்குத் தெரியும். நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.